கொடி வேறு, முடி வேறு

ஆக்லாந்துக்கு அண்மையில் குடிவந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நியூசிலாந்து 2016இல் கொடியை மாற்ற மறுத்தது. ஆஸ்திரேலியா 1999இல் குடியரசாக மறுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய நாட்டிலிருந்து வந்த எனக்கு இது விளங்கவே இல்லை. கொடியின் மூலையில் இன்னமும் யூனியன் ஜாக், நாணயத்தில் இன்னமும் அரச முகம். இவர்களுக்கு அது உறுத்தவில்லையா? மறுபடி ஒரு வாக்கெடுப்பு வந்தால் கொடியையும் குடியரசையும் சேர்த்தே கேட்டுவிடலாமே? நீங்கள் எந்தப் பக்கம்?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கொடியும் முடியாட்சியும் ஒரே விஷயம், ஒன்று போனால் மற்றதும் போகும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. உலகம் அப்படி நடக்கவில்லை.

கனடா 1965 பிப்ரவரி 15 அன்று பழைய கொடியை இறக்கிவிட்டு மேப்பிள் இலைக் கொடியை ஏற்றியது. கனடாவின் நாட்டுத் தலைவர் இன்றும் மன்னர்தான். பிஜி அதற்கு நேர்மாறு. 1987இல் குடியரசானது; ஆனால் 1970இல் விடுதலை நாளில் ஏற்றிய கொடியே இன்றும் பறக்கிறது, மூலையில் யூனியன் ஜாக்குடன். 2015இல் பிரதமர் பைனிமராமா அதை மாற்றப்போவதாக அறிவித்தார். மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பிஜியின் எழுவர் ரக்பி அணி அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றது, அதுவும் தங்கம். மக்கள் அந்தக் கொடியைத்தான் தோளில் போர்த்திக்கொண்டு கொண்டாடினார்கள். மாற்றத் திட்டம் அந்த ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. பசிபிக்கின் குட்டி நாடான துவாலு 1995இல் யூனியன் ஜாக்கை எடுத்துவிட்டு 1997இல் திரும்பக் கொண்டுவந்தது.

இந்தியாவையே பாருங்கள். மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றது. குடியரசானது 1950 ஜனவரி 26. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் மூவர்ணக் கொடியின் கீழ் இந்தியாவின் மன்னராக இருந்தவர் ஆறாம் ஜார்ஜ். அவருடைய பிரதிநிதியாகக் கடைசியாக இருந்த கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. நம்மவர்கள் பலர் இதை மறந்துவிட்டார்கள். அந்தக் கொடி சபையில் பிறந்ததல்ல. அதன் மூலவடிவத்தை ஏந்தியதற்காக அடி வாங்கியவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். சபை செய்தது ஒப்புதல் மட்டுமே. நியூசிலாந்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

நியூசிலாந்தின் கொடி விவாதம் 2014இல் தொடங்கியதாக நினைக்கிறார்கள். அதற்கு 180 ஆண்டு முந்தியது அது. 1830இல் ஹொக்கியாங்காவில் கட்டப்பட்ட ஒரு கப்பலை சிட்னித் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்துவைத்தார்கள். எந்த நாட்டுக் கப்பல் என்று காட்ட அதற்குக் கொடி இல்லை. வணிகம் நடக்க வேண்டுமானால் கொடி வேண்டும் என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களுக்குப் புரிந்தது. 1834 மார்ச் 20 அன்று வைத்தாங்கியில் 25 தலைவர்கள் கூடினார்கள். மூன்று மாதிரிகள் வைக்கப்பட்டன. ஒன்றுக்கு 12 வாக்கு, அடுத்ததற்கு 10, மூன்றாவதற்கு 3. இந்த நாட்டின் முதல் கொடி வாக்கெடுப்பு அதுதான், வாக்களித்தவர்கள் மாவோரிகள். அதில் வென்ற வடிவத்தை ஐக்கிய இனக்குழுக்களின் கொடி என்று சொல்வார்கள்.

ஆறு ஆண்டுகளில், பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையிலான 1840இன் வைத்தாங்கி ஒப்பந்தம் வந்தது. கொரோராரெகா குன்றின் மேல் யூனியன் ஜாக் ஏறியது. அந்த ஊருக்கு இன்று ரஸ்ஸல் என்று பெயர். ஹோனே ஹெகே என்ற தலைவர் அந்தக் குன்றுக்குக் கொடிமரம் கொடுத்தவர். அதில் தங்கள் கொடி பறக்கும் என்று நம்பிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்திட்டவரும் அவரே என்பது மரபு. 1844 ஜூலைக்கும் 1845 மார்ச்சுக்கும் இடையில் அந்தக் கொடிமரம் நான்கு முறை வெட்டிச் சாய்க்கப்பட்டது. நான்காம் முறை போரே மூண்டது. கொடி வெறும் துணி என்று சொல்பவர்களுக்கு ஹெகேயின் கோடரி போதுமான விடை.

இன்றைய கொடி 1869இல் மார்க்கம் என்ற கடற்படை அதிகாரி வரைந்தது, 1902இல் சட்டமானது. நீல நிறம், யூனியன் ஜாக், தென்சிலுவையின் நான்கு சிவப்பு விண்மீன்கள். ஆஸ்திரேலியக் கொடியில் விண்மீன்கள் வெள்ளை, இன்னும் இரண்டு கூடுதல். தொலைவில் நின்றால் வேறுபாடு தெரியாது. பிரதமர் ஜான் கீ கொடி மாற்றத்துக்கு முன்வைத்த காரணங்களில் இந்தக் குழப்பமும் ஒன்று.

அவருடைய திட்டம் இது. முதலில் மக்களிடம் வடிவங்கள் கேட்பது. 12 பேர் குழு அவற்றைச் சலித்தெடுப்பது. அவற்றில் சிறந்தது எது என்று முதல் வாக்கெடுப்பு. வென்றதைப் பழைய கொடியுடன் மோதவிட்டு இரண்டாம் வாக்கெடுப்பு. 10,292 வடிவங்கள் வந்து குவிந்தன. கண்களிலிருந்து பச்சை லேசர் பாய்ச்சும் கிவிப் பறவைகூட அவற்றில் ஒன்று. குழு 40ஆகக் குறைத்து, பிறகு நான்காகக் குறைத்தது. அந்த நான்கில் மூன்று, நியூசிலாந்தின் சின்னமான வெள்ளிப் பெரணி இலை. அந்த மூன்றிலும் இரண்டு ஒரே வடிவம்தான், நிறம் மட்டும் வேறு. பத்தாயிரத்துக்கு மேல் வந்ததில் இவ்வளவுதானா என்று மக்கள் கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள். "செம்முகடு" என்று நான் மொழிபெயர்க்கும் 'ரெட் பீக்' வடிவத்துக்கு ஆதரவு திரண்டு, நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி அதை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

2015 டிசம்பரில் முடிந்த முதல் வாக்கெடுப்பில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்குச்சீட்டை அனுப்பினார்கள், 48.8 சதவீதம். விருப்ப வரிசைப்படி எண்ணியதில் கருப்பு, வெள்ளை, நீலப் பெரணிக்கொடி 50.58 சதவீதம் பெற்றுத் தன் இரட்டைப் பிறவியான சிவப்பு, வெள்ளை, நீலக் கொடியை மயிரிழையில் வென்றது. பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாக்குகள் செல்லாதவை. அறியாமையால் செல்லாமல் போனவை அல்ல; பெரும்பாலானவை வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவை என்றே நான் கருதுகிறேன். "மாற்ற வேண்டுமா என்று எங்களை இன்னும் கேட்கவில்லையே" என்ற சினம் அந்தச் சீட்டுகளில் இருந்தது. 2016 மார்ச்சில் இரண்டாம் சுற்று. 67.8 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பழைய கொடி ஏறத்தாழ 57க்கு 43 என்று வென்றது. மாவோரி வாக்காளர்களுக்கென்றே உள்ள ஏழு மாவோரித் தொகுதிகளிலும் பழைய கொடியே வென்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன். செலவு சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலர்.

எனக்கு இன்றும் மனம் ஆறாத ஒன்று இருக்கிறது. இந்த நாட்டுக்கு இதைச் சரியாகச் செய்யத் தெரியும். 1992இல் தேர்தல் முறையை மாற்றுவதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒரே சீட்டில் இரண்டு கேள்விகள். இப்போதைய முறை மாற வேண்டுமா? மாறினால் இந்த நான்கில் எது? கிட்டத்தட்ட 85 சதவீதம் பேர் மாற வேண்டும் என்றார்கள். மறு ஆண்டு, வென்ற விகிதாசார முறையைப் பழையதுடன் மோதவிட்டார்கள். 54 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று அது வென்றது. அதே பாதையைக் கொடிக்கும் பின்பற்றியிருக்கலாம். முதலில் "மாற்றலாமா" என்று கேளுங்கள் என்று எதிர்க்கட்சியான தொழிற்கட்சி வற்புறுத்தியது. மாற்றாக வருவது எதுவென்று தெரியாமல் யார் விடை சொல்வார்கள் என்று அரசு மறுத்தது. அதனால் என்ன ஆயிற்று? பெண் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்பதற்கு முன்பே பந்தல் போட்டுவிட்டார்கள்.

ஆனால் வரிசை தவறியது மட்டும்தான் காரணம் என்றால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். மறு பாதி, எதற்காக இந்த மாற்றம் என்பதை யாரும் நெஞ்சில் தைக்கும்படி சொல்லவில்லை. ஜான் கீ முடியாட்சியை ஆதரித்தவர். 2000இல் ஒழிக்கப்பட்ட 'சர்', 'டேம்' பட்டங்களை 2009இல் திரும்பக் கொண்டுவந்ததும் அவர் அரசுதான். அரசியார் இருக்கட்டும், பட்டங்கள் இருக்கட்டும், துணி மட்டும் மாறட்டும் என்றால் மக்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? முடியாட்சியை விரும்பியவர்கள் கொடியிலும் அது இருக்கட்டும் என்றார்கள். குடியரசை விரும்பியவர்களில் பலர், இது வெறும் மேல்பூச்சு, இதில் ஆறுதல் அடைந்துவிட்டால் உண்மையான மாற்றம் தள்ளிப்போகும் என்று விலகினார்கள். கீயைப் பிடிக்காதவர்கள் கீக்கு எதிராக வாக்களித்தார்கள். இந்தக் கொடியின் கீழ்தான் எங்கள் தோழர்கள் மாண்டார்கள் என்று முன்னாள் படைவீரர் சங்கம் சொன்னது. அந்த வீரர்களின் கல்லறைக் கற்களில் செதுக்கப்பட்டிருப்பது பெரணி இலை என்று மறுதரப்பு சொன்னது. இரண்டும் உண்மை.

கனடாவுடன் ஒப்பிட்டால் தெளிவாகும். 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது அமைதிப்படை அனுப்பக் கனடா முன்வந்தது, எகிப்து தயங்கியது. எகிப்தைத் தாக்கியது பிரிட்டன், கனடாவின் அன்றைய கொடியிலோ பிரிட்டனின் சின்னம். அந்த அமைதிப்படை யோசனையை முன்னெடுத்தவர் லெஸ்டர் பியர்சன். பிரதமரானதும் கொடியை மாற்றியவரும் அவரே. கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சு மொழியினரும் பிரிட்டிஷ் சின்னத்தைத் தங்களுடையதாக ஏற்கவில்லை. ஆக, காரணம் கையில் இருந்தது. அவர் வாக்கெடுப்பு நடத்தவில்லை. நாடாளுமன்றம் மாதக்கணக்கில் சண்டையிட்டு, 1964 டிசம்பர் 15 அதிகாலை 163க்கு 78 என்று முடிவெடுத்தது. அன்று வெறுத்தவர்களின் பிள்ளைகள் இன்று அந்த இலையைப் பயணப்பையில் தைத்துக்கொண்டு உலகம் சுற்றுகிறார்கள். கொடி பற்றிய முடிவை மக்கள் மன்றத்தில் எண்ணிக்கைக்கு விடுவதைவிட, பிரதிநிதிகள் பொறுப்பேற்று எடுப்பதே மேல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதற்கு இடமே இல்லை: வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் கொடியை மாற்றக் கூடாது என்று 1998இல் சட்டத்தையே திருத்திவைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் குடியரசு வாக்கெடுப்பில் நடந்தது நியூசிலாந்தின் தவற்றுக்கு மறுமுனைத் தவறு. 1998 பிப்ரவரியில் கான்பெராவில் 152 பேர் கொண்ட அரசியல் சாசன மாநாடு கூடியது. குடியரசு வேண்டும் என்பதில் பெரும்பான்மை இருந்தது. எப்படிப்பட்ட குடியரசு என்பதில் பிளவு. நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஆதரவாக விழுந்தவை 73 வாக்குகள், எதிராக 57, 22 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 152இல் 73 பாதிகூட இல்லை. அதைத்தான் மக்கள் முன் வைத்தார்கள். தலைவரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குடியரசுவாதிகள், முடியாட்சிவாதிகளோடு சேர்ந்து "வேண்டாம்" என்று வாக்களித்தார்கள். 1999 நவம்பர் 6 அன்று ஆதரவு 45.13 சதவீதம், எதிர்ப்பு 54.87. ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. அந்த நாட்டுச் சாசனத்தின் 128ஆம் பிரிவுப்படி தேசிய அளவில் பெரும்பான்மையும் வேண்டும், நான்கு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். 1901 முதல் 2023 வரை 45 திருத்தங்கள் மக்கள் முன் போயின, எட்டுத்தான் தேறின.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்று ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பீர்கள். 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமைப் பதவியிலிருந்து நீக்கினார். அலங்காரப் பதவி என்று எல்லோரும் நினைத்திருந்த நாற்காலிக்குள் அப்படியோர் அதிகாரம் இருந்தது. மன்னரை அகற்றுவது எளிது, அந்த அதிகாரத்தை யாரிடம், என்ன வேலியோடு ஒப்படைப்பது என்பதுதான் கடினம். மாநில ஆளுநர்களின் செயல்களைப் பற்றி நீதிமன்றம் வரை வழக்காடும் நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். மாவோரித் தொகுதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் அல்லவா?

வைத்தாங்கி ஒப்பந்தம் 1840 பிப்ரவரி 6 அன்று விக்டோரியா அரசியாரின் முடிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையில் ஏற்பட்டது. நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். ஆங்கிலப் படி இறையாண்மை கைமாறியது என்கிறது. பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்திட்ட மாவோரிப் படியோ, ஆளுகை மட்டும் முடிக்கு, தங்கள் நிலத்தின் மீதும் செல்வங்களின் மீதும் தலைமை தங்களுக்கே என்கிறது. அந்தத் தலைமைக்கு மாவோரிச் சொல் 'ரங்கடிரடங்கா'. அதன் பெயரால் 1990இல் உருவான கருப்பு, வெள்ளை, சிவப்புக் கொடியை இன்று நாடெங்கும் மாவோரிப் போராட்டங்களில் காணலாம். அரசு திணித்ததில்லை. மக்கள் கையில் வளர்ந்தது. நம் மூவர்ணக் கொடிக்கு இணை தேடினால் பெரணியிடம் அல்ல, இதனிடம்தான் போக வேண்டும்.

ஒப்பந்தம் மீறப்பட்டது, நிலங்கள் பறிக்கப்பட்டன. மாவோரி மன்னர் தாவியாவோ 1884இல் கப்பலேறி லண்டனுக்குப் போனார், ஒப்பமிட்ட அரசியாரிடமே முறையிட. அரசியாரைக் காண விடவில்லை. இது உங்கள் நாட்டு அரசின் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். 111 ஆண்டுகள் கழித்து, 1995 நவம்பரில், வெலிங்டனில் இரண்டாம் எலிசபெத் தம் கையாலேயே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வைகாட்டோ மாவோரி மக்களின் நிலம் பறிக்கப்பட்டதற்கு முடியின் மன்னிப்பு அந்தச் சட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்தது. வழக்கமாகச் சட்டங்களில் கவர்னர் ஜெனரல்தான் கையெழுத்திடுவார். இதில் அரசியாரின் கையெழுத்தே இருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கடன்பட்டது முடி.

குடியரசு என்று வந்துவிட்டால் அந்தக் கடன் யாருடையது? சட்ட அறிஞர்கள் எளிதாக விடை சொல்வார்கள்: புதிய அரசு பழைய அரசின் கடமைகளை ஏற்கும், ஒரு பிரிவு எழுதினால் போதும். ஆனால் அந்தப் பிரிவை எழுதுவது பெரும்பான்மை. பெரும்பான்மை எழுதியதைப் பெரும்பான்மை அழிக்கவும் முடியும். லண்டனில் இருக்கும் முடி தங்களைக் காக்கவில்லை என்பது மாவோரிகளுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அந்தக் கையெழுத்து மட்டுமே அவர்களிடம் இருக்கும் பத்திரம். பத்திரத்தில் ஒப்பமிட்டவரின் பெயரை நீக்கப்போகிறோம் என்றால் நிலத்துக்காரன் அஞ்சத்தான் செய்வான்.

இந்த அச்சம் தமிழர்களுக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்? இலங்கை 1972 மே 22 அன்று குடியரசானது. காலனியக் கட்டு அறுந்தது என்று கொழும்பு கொண்டாடியது. ஆனால் அதுவரை இருந்த சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்த 29ஆம் பிரிவு புதிய அரசியலமைப்பில் இல்லை. தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்களுக்குச் செவிசாய்ப்பார் இல்லாமல், அது 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. பழைய 29ஆம் பிரிவும் நடைமுறையில் தமிழர்களைப் பெரிதாகக் காக்கவில்லை, குடியுரிமைப் பறிப்பையும் தனிச் சிங்களச் சட்டத்தையும் அது தடுக்கவில்லை. ஆனால் இருந்த ஒரு வேலியும் போனது. பிஜியின் குடியரசோ இராணுவ வாகனத்தில் ஏறி வந்தது. 1987இல் இந்திய வம்சாவளியினர் நிறைந்த ஓர் அரசு தேர்தலில் வென்றதால்தான் இராணுவ அதிகாரி ரம்புகாவின் புரட்சி நடந்தது, குடியரசு அறிவிக்கப்பட்டது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் குடியரசில் பின்தள்ளப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று ஆக்லாந்தில் நம் அண்டை வீட்டுக்காரர்கள். கேட்டுப் பாருங்கள், குடியரசு என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கும் விதம் நம்மைப் போல் இருக்காது.

ஆகவே, தம்பி, "உறுத்தவில்லையா" என்ற கேள்விக்கு என் விடை: உறுத்துகிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் உறுத்தவில்லை. எனக்கு எங்கே உறுத்தியது என்று சொல்கிறேன். இந்த நாட்டில் நிரந்தர வதிவுரிமை பெற்று ஓராண்டு வாழ்ந்தாலே வாக்குரிமை உண்டு. உலகில் மிகச் சில நாடுகளில்தான் இப்படி. எனவே குடியுரிமை பெறுவதற்கு முன்பே அந்த இரண்டு கொடி வாக்கெடுப்புகளிலும் நான் வாக்களித்துவிட்டேன். அடுத்த ஆண்டே குடியுரிமை விழா. எலிசபெத் அரசியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று உறுதி சொன்னேன். சொல்லி முடித்ததும் தொண்டை அடைத்தது. இந்த மண்ணுக்கும் என்னை ஏற்றுக்கொண்ட இந்த மக்களுக்கும் சொல்ல வேண்டிய உறுதியை வேறு யாருக்கோ சொல்லிவிட்ட உணர்வு. ஆஸ்திரேலியா 1994இலேயே அந்த வாசகத்தை மாற்றிவிட்டது. அங்கே புதிய குடிமகன் நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் உறுதி சொல்கிறான். முடியாட்சி அப்படியே இருக்க, வாசகத்தை மட்டும் மாற்ற முடிந்திருக்கிறது. இங்கே அதைக்கூடச் செய்யவில்லை.

சட்டப்படி பார்த்தால் நியூசிலாந்துக்கு வழி எளிது. ஆஸ்திரேலியாவைப் போல இரட்டைப் பெரும்பான்மைத் தடை இல்லை. 1986ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் முடியாட்சி பற்றிய பிரிவுகளை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம். பார்படாஸ் 2021இல் வாக்கெடுப்பே இல்லாமல் நாடாளுமன்றத்தின் வழியாகக் குடியரசானது. கொடி பழையதுதான், 1966இல் விடுதலையோடு வந்தது. ஆனாலும் மக்களைக் கேட்காமல் இங்கே எந்தப் பிரதமரும் இதைச் செய்யத் துணிய மாட்டார், செய்யவும் கூடாது. எந்தச் சின்னத்தை ஏந்துவது என்பதைப் பிரதிநிதிகள் முடிவு செய்யலாம். அதிகாரத்தின் ஊற்று எது என்பதை மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். குக் தீவுகளும் நியுவேயும் இதே முடியின் கீழ் தன்னாட்சியோடு இருப்பவை என்பதால் அவற்றையும் கலந்து பேச வேண்டும். அரசியார் மறைந்த 2022 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன், தம் வாழ்நாளில் நியூசிலாந்து குடியரசாகும் என்று நம்புவதாகவும் ஆனால் அவசரமில்லை என்றும் சொன்னார். அவசரமில்லை என்பதில் எனக்கு உடன்பாடே. பேச்சைக்கூடத் தொடங்காமல் இருப்பதில்தான் உடன்பாடு இல்லை.

இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமே என்கிறீர்கள். கூடாது. சேர்த்துக் கேட்டால் கொடி பிடிக்காதவன் குடியரசையும் தோற்கடிப்பான், குடியரசு பிடிக்காதவன் கொடியையும் தோற்கடிப்பான். இரண்டு எதிர்ப்புகளும் ஒரே பெட்டியில் விழும். முதலில் மாவோரிகளுடன் உட்கார்ந்து ஒப்பந்தத்தின் இடத்தை முடிவு செய்ய வேண்டும், வாக்குச்சீட்டு அச்சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவர்கள் ஏற்கும் வாசகத்தில், பிற்காலப் பெரும்பான்மை எளிதில் தொட முடியாத பூட்டோடு. பிறகு 1992 போல, மாற வேண்டுமா, மாறினால் எந்த முறை என்று கேட்க வேண்டும். கொடி அதற்குப் பிறகு வரட்டும். புதிய ஏற்பாட்டில் உண்மையாகவே ஏதாவது புதிது பிறந்திருந்தால் அதைக் காட்டும் கொடி தேடாமலே கிடைக்கும்.

நான் எந்தப் பக்கம்? முதல் வாக்கெடுப்பில் செம்முகடுக்கு முதலிடம் கொடுத்தேன். இரண்டாவதில் பழைய கொடிக்கு வாக்களித்தேன். யூனியன் ஜாக்கின் மேல் எனக்குப் பற்றில்லை. கேட்க வேண்டிய பெரிய கேள்வியை அந்தப் பெரணி மூடிவிடும் என்று அஞ்சினேன். குடியரசு வாக்கெடுப்பு வந்தால் சட்ட முன்வரைவை வாங்கி வைத்தாங்கி பற்றிய பிரிவைத்தான் முதலில் படிப்பேன். அது மாவோரிகள் ஏற்ற பிரிவாக இருந்தால் என் வாக்கு குடியரசுக்கு.

வாய்ப்புக் கிடைத்தால் ரஸ்ஸல் குன்றில் ஏறிப் பாருங்கள். நான்காம் முறை வெட்டிய பிறகு அரசு அங்கே கொடிமரம் நடவில்லை. 1858 ஜனவரியில் ஐந்தாவது மரத்தை நட்டவர்கள் மாவோரிகள். ஹெகேயோடு சேர்ந்து போரிட்ட கவிட்டியின் மகன் மைஹி பராவோனே கவிட்டி முன்னின்று, அவருடைய ஆட்கள் காட்டில் மரம் தேர்ந்து, சீவி, குன்றின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு மாவோரி மொழியில் 'ஒன்றாயிருத்தல்' என்று பொருள்.